பழைய பென்ஸில் வேறு எஞ்சின், வேறு கியர் பாக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் பழைய பென்ஸ் வைத்திருக்கும் நம்மவர்கள் அதிகம். அதிலும் 1980-களின் நடுவிலிருந்து 90-களின் நடுவரை வந்த டபிள்யூ124 மாடல் என்றால் தனிப் பாசம். பாடி இரும்பு மாதிரி நிற்கும், கதவு சாத்தினால் 'தொப்'பென்று சத்தம் கேட்கும், ஆனால் எஞ்சின் களைத்துப் போயிருக்கும். அப்போதுதான் போன் வரும்: "அண்ணே, ஜேஸெட் போட்டுடலாமா?" ஜேஸெட் என்றால் டொயோட்டாவின் ஆறு சிலிண்டர் எஞ்சின் வரிசை. செந்தூல், சான் சாவ் லின் பக்கம் வொர்க்‌ஷாப்புகளில் நின்று பேசும்போதும் இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். உதாரணம் பெரும்பாலும் டபிள்யூ124 என்றாலும், அந்தக் கால பிஎம்டபிள்யூ, வால்வோ கார்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

எஞ்சின் ஸ்வாப்னா சரியா என்ன? அதே எஞ்சினை வேற ஒண்ணு வாங்கிப் போட்டா அதுவும் ஸ்வாப்பா?

பேச்சு வழக்கில் இரண்டையும் ஸ்வாப் என்றுதான் சொல்கிறோம். ஆனால் வேலை வேறு. டபிள்யூ124 வரிசையின் 230இ காரில் இருக்கும் எம்102 நான்கு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கிவிட்டு இன்னொரு எம்102 போடுவது ஒரு வார இறுதி வேலை. எல்லா மவுண்டிங்கும் வயரும் குழாயும் பழைய இடத்திலேயே உட்காரும். அதே பென்ஸ் குடும்பத்தில் பெரிய எஞ்சின், உதாரணமாக எம்104 ஆறு சிலிண்டர் போடுவது அடுத்த படி. டொயோட்டா 1ஜேஸெட், 2ஜேஸெட் மாதிரி வேறு கம்பெனி எஞ்சினை இறக்குவது மூன்றாவது படி. அங்கே எதுவுமே தானாகப் பொருந்தாது.

எஞ்சின் நம்பர் மாறுகிறது என்பதால் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) கணக்கில் மூன்றுமே மாற்றம்தான். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரிஜினல் எஞ்சினையே ஓவர்ஹால் பண்ணா போதாதா?

பாதிப் பேருக்கு இதுதான் சரியான பதில், ஆனால் யாரும் கேட்க விரும்பாத பதில். 300இ-யில் வரும் எம்103 ஆறு சிலிண்டர் எஞ்சின் புகை விடுகிறது என்றால் பல நேரம் வால்வ் சீல்தான் காரணம். இழுவை இல்லை என்றால் கேஇ-ஜெட்ரோனிக் (பெட்ரோலைப் பீய்ச்சும் அந்தக் கால சிஸ்டம்) பெட்ரோல் பிரஷரைப் பார்க்க வேண்டும், அல்லது எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டுபோகும் வேக்கம் குழாய் வெடித்திருக்கும். எம்104-இல் எண்ணெய் ஒழுகினால் ஹெட் கஸ்கெட்டின் மூலையிலிருந்து ஒழுகும். அதற்காக எஞ்சினையே தூக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்து எழுதி வையுங்கள். எல்லா சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால், ஸ்வாப் செலவில் ஒரு பகுதியிலேயே கார் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் 'எனக்கு இன்னும் வேகம் வேணும்' என்றால் சரி, மேலே படியுங்கள்.

ஹாஃப் கட் வாங்கணுமா, எஞ்சின் மட்டும் வாங்குனா விலை கம்மியாச்சே?

விலை கம்மிதான், கடைசியில் செலவு அதிகம். ஹாஃப் கட் என்றால் ஜப்பானிலிருந்து வந்த காரின் முன்பாதி அப்படியே: எஞ்சின், கியர் பாக்ஸ், கம்ப்யூட்டர், முழு வயரிங், ஏர்கோன் கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஆக்ஸிலரேட்டர் பெடல், சில நேரம் கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் ப்ரொப் ஷாஃப்ட்டின் முன்பகுதியும் சேர்ந்து வரும். எஞ்சின் மட்டும் வாங்கினால் இதையெல்லாம் தனித்தனியாகத் தேட வேண்டும். தேடிக் கிடைக்கும் கம்ப்யூட்டர் வேறு மாடலுடையதாக இருக்கும், அதன் சாக்கெட் இந்த வயரிங்கில் சேராது.

காப்பார் பக்கம் யார்டில் பார்க்கும்போது தவுக்கே (முதலாளி) எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டுவார். அது போதாது. கியர் பாக்ஸ் எண்ணெய்க் குச்சியை இழுத்து முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை அடித்தால் அந்த கியர் பாக்ஸ் உங்களுக்கு வேண்டாம். எஞ்சின் பிளாக்கில் அடித்திருக்கும் நம்பரை டார்ச் அடித்துப் படியுங்கள். தேய்த்த தடமோ, அரம் போட்ட தடமோ இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

எந்த எஞ்சின் போட்டா நல்லது? எல்லாரும் 1ஜேஸெட்னு சொல்றாங்களே, ஏன்?

வேகம் ஒரு காரணம். 1ஜேஸெட்-ஜிடிஇ டர்போ 2,492 சிசி, 280 குதிரைத்திறன். ஆனால் மலேசியாவில் அதைப் பிரபலமாக்கியதில் ரோட் டேக்ஸுக்கும் பங்கு உண்டு. தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கான கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2,000-க்கு மேல் 2,500 சிசி வரை 380 வெள்ளி (ரிங்கிட்), மேலே ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளி. ஆக 1ஜேஸெட்டுக்கு 872 வெள்ளி. 2,500-ஐத் தாண்டினால் 880 வெள்ளியும் ஒவ்வொரு சிசிக்கும் இரண்டரை வெள்ளியும். 2,997 சிசி 2ஜேஸெட்டுக்கு 2,122 வெள்ளி 50 காசு. 3,000-ஐத் தாண்டினால் 2,130 வெள்ளி, மேலே சிசிக்கு நாலரை வெள்ளி. 3,199 சிசி எம்104-க்கு 3,025 வெள்ளி 50 காசு. 220 குதிரைத்திறன் கொடுக்கும் பென்ஸ் 3.2-க்கு, 280 கொடுக்கும் டர்போவைவிட மூன்று மடங்குக்கு மேல் வரி. வருடா வருடம்.

என் கருத்தைக் கேட்டால்: கார் பென்ஸாகவே இருக்க வேண்டும், குடும்பத்தோடு ஈப்போ போய் வர வேண்டும் என்றால் எம்104 2.8 நல்ல சமரசம், 1,627 வெள்ளி 50 காசு. டர்போ ஆசை என்றால் 1996-க்குப் பிறகு வந்த விவிடி-ஐ 1ஜேஸெட்டைப் பாருங்கள். அதற்கு முந்தியதில் இரண்டு சின்ன டர்போ, அவற்றின் டர்பைன் சக்கரம் செராமிக். பூஸ்ட்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தத்தைக் கூட்டினால் உடையும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

எஞ்சின் விலையை மட்டும் கேட்டுவிட்டு பட்ஜெட் போடாதீர்கள். மவுண்டிங் வெல்டிங், ப்ரொப் ஷாஃப்ட், ரேடியேட்டர், ஏர்கோன் குழாய், எக்ஸ்ஹாஸ்ட், வயரிங் கூலி, பரிசோதனை எல்லாம் சேர்ந்தால் எஞ்சின் விலையைத் தாண்டிப் போவது சாதாரணம். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று ஒரே வரியில் எழுதித் தரும் கொட்டேஷனை நம்பாதீர்கள். ஏர்கோன் குளிருமா, ஸ்பீடோமீட்டர் ஓடுமா, பேப்பர் யார் செய்வது என்ற மூன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றில்தான் சண்டை வரும்.

பென்ஸ் கியர் பாக்ஸையே வச்சுக்கிட்டு ஜேஸெட் எஞ்சின் போட முடியாதா?

முடியும், ஆனால் ஏன் என்று முதலில் யோசியுங்கள். டபிள்யூ124-இல் வரும் 722.3, 722.4 ஆட்டோ கியர் பாக்ஸ்களுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதை ஆக்ஸிலரேட்டரோடு இணைந்த ஒரு கேபிளும், உள்ளே கார் வேகத்தை உணரும் கவர்னரும் முடிவு செய்யும். எவ்வளவு மென்மையாக மாற்ற வேண்டும் என்பதை எஞ்சினிலிருந்து வரும் வேக்கம் முடிவு செய்யும். ஆக, வேறு எஞ்சின் வந்தால் கேபிளின் இழுப்பு மாறும், வேக்கத்தின் அளவு மாறும். ஒன்று, கியர் உதைக்கும், அல்லது வழுக்கும். வழுக்குவதுதான் ஆபத்து, உதைப்பது தெரியும், வழுக்கல் தெரியாமலே கிளட்ச் தட்டுகளைத் தின்றுவிடும்.

டர்போ எஞ்சின் என்றால் இன்னொரு சிக்கல். பூஸ்ட் ஏறும்போது அந்த வேக்கம் குழாயில் உறிஞ்சல் போய் அழுத்தம் வரும். இடையில் ஒருவழி வால்வ் போடாவிட்டால் அது நேராகக் கியர் பாக்ஸில் அந்த வேக்கத்தை வாங்கும் மாடுலேட்டரில் போய் அடிக்கும். இதோடு எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் அடாப்டர் பிளேட் கடைந்தெடுக்க வேண்டும். அது ஒரு முடி அளவு மையம் விலகினாலும் முன் ஆயில் சீல் நிற்காது.

அதனால் ஜேஸெட் எடுத்தால் அதோடு ஜோடியாக வந்த கியர் பாக்ஸையும் எடுங்கள். பெரும்பாலும் ஏ340இ நான்கு கியர் ஆட்டோ. அதே டொயோட்டா கம்ப்யூட்டர் எஞ்சினையும் கியரையும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். கியர் மாறும் நொடியில் எஞ்சின் டைமிங்கைக் கொஞ்சம் தளர்த்தி அதிர்ச்சியைக் குறைப்பதும் அந்தக் கம்ப்யூட்டர்தான். ஜோடியைப் பிரித்தால் இதெல்லாம் போய்விடும்.

200இ-ல எம்104 3.2 போடுறோம். ரெண்டும் பென்ஸ், கியர் பாக்ஸ் போல்ட் ஓட்டையும் சரியா சேருது. அப்புறம் என்ன பிரச்சினை?

ஓட்டை சேரும் என்பதே பொறி. எம்102, எம்103, எம்104, எம்111 எல்லாவற்றுக்கும் பின்பக்க போல்ட் அமைப்பு ஒன்றுதான். அதனால் நான்கு சிலிண்டர் காரின் 722.4 பெட்டி எம்104-இல் அழகாக உட்காரும், காரும் ஓடும். சில மாதம் ஓடும்.

722.4 சின்ன எஞ்சின்களுக்காகச் செய்தது. 2.0 எஞ்சின் கொடுப்பது 200 நியூட்டன் மீட்டருக்கும் குறைவான டார்க் (சுழற்றும் விசை), 3.2 எம்104 கொடுப்பது 310. அந்த 3.2 எஞ்சின் வந்த 320 காரில் பென்ஸ் வைத்தது பெரிய 722.3. கிளட்ச் தட்டுகளின் எண்ணிக்கை, வால்வ் பாடி, கவர்னர், எஞ்சின் இழுவையை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும் கன்வெர்ட்டர் எல்லாமே எஞ்சினுக்கு ஏற்ப மாறும். ப்ரொப் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் தட்டுகூட நான்கு சிலிண்டர் காரில் சிறியது. ஆக, எம்104 வாங்கும்போது அதன் பெட்டியையும் கன்வெர்ட்டரையும் ரப்பர் தட்டையும் சேர்த்துக் கேளுங்கள். தனியாகப் பின்னால் தேடும்போது யார்டுக்காரர் சொல்வதுதான் விலை.

722.6 ஐந்து கியர் போட்டா என்ன? நல்ல பெட்டின்னு சொல்றாங்க.

நல்ல பெட்டிதான். 1996-இலிருந்து வந்தது, முழுக்க எலக்ட்ரானிக், ஐந்தாவது கியர் 0.83 ஓவர்டிரைவ், அதாவது எஞ்சின் 0.83 சுற்று சுற்றினாலே ப்ரொப் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். ஆனால் இரண்டு அளவில் இருக்கிறது: 330, 580. அந்த எண்களே அது தாங்கும் டார்க்கைச் சொல்கின்றன. 1ஜேஸெட் டர்போ 363 நியூட்டன் மீட்டரிலிருந்து தொடங்குகிறது, எனவே 330 பெட்டியை அதன் பின்னால் போடுவது காசை எரிப்பது.

இதற்குத் தனிக் கம்ப்யூட்டர் வேண்டும். பழைய டபிள்யூ124-இல் அது பேசுவதற்கு ஆளே இல்லை, எனவே தனியாக இயங்கும் கன்ட்ரோலர் வாங்கி, ஆக்ஸிலரேட்டர் நிலை, எஞ்சின் வேகம் இரண்டையும் கொடுத்து, கியர் மாறும் புள்ளிகளை ட்யூன் செய்ய வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் கையில் இருந்தால் மட்டும் இறங்குங்கள். வாங்கும் பெட்டியில் வயர் சாக்கெட்டை உருவிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் ஈரம் இருந்தால் அந்த சாக்கெட் கசிகிறது. எண்ணெய் வயர் வழியாகவே ஏறிக் கம்ப்யூட்டர் வரை போகும். ஓடும்போது இரண்டாம் கியரிலேயே ஒட்டிக்கொண்டு மாற மறுத்தால் அது தற்காப்பு நிலைக்குப் போய்விட்டது என்று அர்த்தம், உடனே பெட்டி செத்துவிட்டது என்று அல்ல. முதலில் உள்ளிருக்கும் சென்சர் தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சின், கியர் பாக்ஸ் ரெண்டும் ஜோடியா வந்தாச்சு. டிஃப்பை எதுக்குத் தொடணும்?

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு 'ஜேஸெட் போட்டும் கார் தூங்குதே' என்று கேட்கிறார்கள்.

டிஃப் என்பது பின் அச்சில் இருக்கும் கடைசிப் பல் சக்கரப் பெட்டி. ப்ரொப் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் அதன் விகிதம். 300இ-யின் டிஃப் விகிதம் 3.07. அதன் 722.3 பெட்டியின் முதல் கியர் 3.87. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 11.9. ஏ340இ-யின் முதல் கியர் 2.80 மட்டுமே. அதே 3.07 டிஃப்போடு பெருக்கினால் 8.6. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக் கிளம்பும்போது சக்கரத்துக்குப் போகும் பெருக்கம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. மெதுவாக மிதித்தால் பென்ஸ் பெட்டி இரண்டாம் கியரில்தான் கிளம்பும், அப்போது வித்தியாசம் தெரியாது. ஜாலான் ஈப்போ சிக்னலில் இடைவெளி பார்த்துப் பாய நினைக்கும்போதுதான் தெரியும். டர்போ இன்னும் எழும்பாத அந்த இரண்டு நொடி முழுக்க 2.5 லிட்டர் எஞ்சின் ஒன்றரை டன் காரைத் தனியாகத் தள்ள வேண்டும். டொயோட்டா தன் சேஸர், மார்க் 2 கார்களில் 4-ஐ ஒட்டிய டிஃப் வைத்தது சும்மா அல்ல.

மறுபக்கம் ஹைவே. 195/65 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.95 மீட்டர் உருளும். 110-இல் போகும்போது பழைய பெட்டியின் ஒன்றுக்கு ஒன்று சுற்றும் நேர் கியரில், 3.07 டிஃப்போடு எஞ்சின் ஏறக்குறைய 2,900 சுற்றும். ஏ340இ-யின் 0.705 ஓவர்டிரைவில் அது 2,050-க்கு இறங்கும். டிஃப்பை 3.46-க்கு மாற்றினால் 2,300. அதாவது எண் கூடிய டிஃப் போட்டாலும் ஹைவேயில் பழையதைவிட அமைதியாகத்தான் போகும், சிக்னலில் பாய்ச்சலும் வரும். நான்கு சிலிண்டர் டபிள்யூ124-இல் ஏற்கெனவே இப்படி எண் கூடிய டிஃப் இருப்பதால், ஏ340இ போடுபவர்களுக்கு அது ஒரு வரம். ஆனால் உள்ளே பல் சக்கரம் எந்த அளவு டார்க்குக்குச் செய்தது என்று பாருங்கள். நான்கு சிலிண்டர் டிஃப்பை வைத்து தினமும் சக்கரம் சுழல விட்டால் ஊளையிட ஆரம்பிக்கும்.

மேனுவல் போடலாமா? ஆட்டோவுக்கு இவ்வளவு தலைவலின்னா...

கணக்கு எளிதாகும், வேலை எளிதாகாது. ஆர்154 ஐந்து கியர் மேனுவல் டர்போ ஜேஸெட்டைத் தாங்கும், ஆனால் கிடைப்பது அரிது, விலையும் அப்படி. டபிள்யூ58 மலிவு, அது டர்போ இல்லாத எஞ்சினுக்கானது. கிளட்ச் பெடல், மாஸ்டர் சிலிண்டர், அதற்கு ஃபயர்வாலில் ஓட்டை, நடு டனலில் கியர் லீவர் இடம் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். கெரானில் (காரின் பதிவுப் பத்திரம்) ஆட்டோ என்று பதிவாகியிருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெடரல் ஹைவே ஜேமில் மாலை ஆறு மணிக்கு இடது கால் என்ன சொல்லும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கியர் பாக்ஸ் மாட்டி ஸ்டார்ட் பண்ணதும் பம்ப் உடைஞ்சு போச்சு. ஃபோர்மேன் 'சாமான் மோசம்'ங்கிறாரு. உண்மையா?

இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் கன்வெர்ட்டர் சரியாக உட்காரவில்லை. கன்வெர்ட்டரை ஆட்டோ பெட்டியின் முன்னால் வைத்துச் சுற்றிக்கொண்டே தள்ளும்போது அது படிப்படியாக உள்ளே இறங்கும்: ஷாஃப்ட்டில் ஒரு 'டொக்', அடுத்த ஷாஃப்ட்டில் இன்னொரு 'டொக்', கடைசியில் பம்ப்பின் பல்லில் ஒன்று. அந்தக் கடைசி 'டொக்' வராமலே பெட்டியை எஞ்சினோடு வைத்து போல்ட்டை முறுக்கினால், கன்வெர்ட்டர் பம்ப்பை நசுக்கும்.

சோதிக்கும் முறை இது. பெட்டியை எஞ்சினோடு கையால் தள்ளும்போதே இரண்டு முகமும் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். போல்ட்டால் இழுத்துச் சேர்க்கக் கூடாது. சேர்ந்த பிறகு கன்வெர்ட்டர் கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும், அதற்கும் எஞ்சின் பக்கம் இருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். அதை முன்னால் இழுத்துத்தான் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் போல்ட் போடுவோம். இடைவெளியே இல்லை என்றால் நிறுத்துங்கள், பெட்டியை இறக்குங்கள். மாட்டும் நாளில் நீங்களே போய் இந்த இடைவெளியைக் கண்ணால் பாருங்கள். நல்ல ஃபோர்மேன் கோபப்பட மாட்டார்.

ஆறு சிலிண்டர் டர்போவுக்கு டபிள்யூ124-ல இடம் இருக்கா?

நீளத்துக்கு இடம் உண்டு, பென்ஸே அதில் ஆறு சிலிண்டர் வைத்தது. சிக்கல் வலப்பக்கம். ஜேஸெட்டின் எக்ஸ்ஹாஸ்டும் டர்போவும் வலப்பக்கம். நம் ஊர் காரில் ஸ்டீயரிங் பாக்ஸும் பிரேக் பூஸ்டரும் வலப்பக்கம். டர்போவிலிருந்து இறங்கும் குழாய் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டை உரசாமல் வளைந்து போக வேண்டும், அதன் சூடு பிரேக் எண்ணெயைத் தொடக்கூடாது. ஹீட் ஷீல்ட் இல்லாத வேலையை ஏற்காதீர்கள்.

கீழே எஞ்சின் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைப் பாருங்கள். அதன் ஆழமான பகுதி எங்கே இருக்கிறது என்பது எஞ்சின் எந்த காரிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து மாறும். குறுக்கு பீமில் இடித்தால் சம்ப்பைத்தான் வெட்டி மாற்ற வேண்டும். பீமை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்த வொர்க்‌ஷாப்பைவிட்டு வந்துவிடுங்கள்; காரின் முன் சஸ்பென்ஷன் அதில்தான் நிற்கிறது.

பழைய பெட்ரோல் பம்ப் போதுமா?

கேஇ-ஜெட்ரோனிக் கார் என்றால் பம்ப் 5 பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கும் ஆள். ஜேஸெட்டுக்குத் தேவை ஏறக்குறைய அதில் பாதி. அதனால் சரியான ரெகுலேட்டரும் திரும்பும் குழாயும் இருந்தால் அழுத்தம் பிரச்சினை இல்லை. முப்பது வருடப் பழைய பம்ப்பை டர்போ எஞ்சினுக்கு நம்புவதா என்பதுதான் கேள்வி. நான் மாற்றிவிடச் சொல்வேன். பூஸ்ட்டில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும்.

எம்104 வாங்குறேன், வயரிங்கும் சேர்ந்தே வருதுன்னு சந்தோஷமா இருக்கேன். சரிதானே?

சந்தோஷத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 1990-களின் முதல் பாதியில் பென்ஸ் போட்ட எஞ்சின் வயரிங்கின் மேலுறை சூட்டில் பொடியாக உதிரும். விரலால் வளைத்தால் பிஸ்கட் போல நொறுங்கி உள்ளே செம்பு தெரியும். அந்த வயரிங்கை மாட்டினால் ஐட்லிங் ஆடும், மழை நாளில் நிற்கும், கம்ப்யூட்டரும் போகலாம். த்ராட்டில் பாடிக்குள் போகும் வயரும் இதே ரகம். புதிதாகக் கட்டிய வயரிங் இல்லாமல் அந்தக் கால எம்104-ஐத் தொடாதீர்கள்.

ஸ்வாப்புக்கு அப்புறம் ஆர்பிஎம் மீட்டர் 3,000 காட்டுது, சத்தம் அப்படி இல்லையே?

நான்கு சிலிண்டர் மீட்டரில் ஆறு சிலிண்டர் சிக்னல். நான்கு சிலிண்டர் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு கொடுக்கும், ஆறு மூன்று கொடுக்கும். ஆக மீட்டர் ஒன்றரை மடங்கு காட்டும்: உண்மையில் 2,000. ஆறு சிலிண்டர் காரின் மீட்டரை மாற்றுங்கள், அல்லது நடுவில் சிக்னலை மாற்றிக் கொடுக்கும் கருவி ஒன்று போடுங்கள்.

80, 90-ல போனா சீட்டுக்கு அடியில நடுங்குது. வீல் பேலன்ஸ் பண்ணியாச்சு, போகல.

ப்ரொப் ஷாஃப்ட். வேறு பெட்டி போட்டால் முன் துண்டை வெட்டி நீளம் மாற்றுவார்கள். வெட்டிய பிறகு முழு ஷாஃப்ட்டையும் சேர்த்து பேலன்ஸ் செய்ய வேண்டும், இரண்டு துண்டும் முன்பு இருந்த அதே குறியில் சேர வேண்டும். நடு பேரிங்கும் ரப்பர் தட்டுகளும் பழையதாக இருந்தால் அப்போதே மாற்றுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நடுங்கினால் பெட்டியின் பின்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பின் மவுண்டிங்கை ஒரு விரல் உயரம் தூக்கியே தீர்ந்த கார்கள் உண்டு.

வால்வோ 940-க்கும் இதே கதையா?

கொஞ்சம் சுலபம். 940-இன் அண்ணன் வால்வோ 960-இல் வந்த ஆட்டோ பெட்டி ஏ340-இன் நெருங்கிய சொந்தம், இரண்டும் ஐசின் குடும்பம். 960-இன் பெட்டியைத் திறந்த ஃபோர்மேனுக்கு உங்கள் ஏ340இ புதிது அல்ல. டிஃப் கணக்கு மேலே சொன்னதேதான்.

ஜே.பி.ஜே.யில சொல்லணுமா? யாரும் பானட்டைத் திறந்து பாக்கிறதில்லையே?

சொல்ல வேண்டும். எஞ்சின் நம்பரும் சிசியும் கெரானில் இருக்கின்றன. மாறினால் பதிவும் மாற வேண்டும், பரிசோதனையும் உண்டு. வேலை தொடங்கும் முன்பே ஜே.பி.ஜே. கவுண்டரில் போய் உங்கள் காருக்கு என்னென்ன பத்திரம் தேவை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சின் வாங்கிய ரசீதும், இறக்குமதி எஞ்சின் என்றால் சுங்கப் பத்திரத்தின் நகலும் கையில் இருக்க வேண்டும். யார்டிலிருந்து எஞ்சினைத் தூக்கும் அன்றே இதைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் 'அந்த கன்டெய்னர் பேப்பர் எங்கே போச்சோ' என்பார்கள். காருக்குக் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டியிருக்கும்.

பேப்பர் செய்யாம ஓட்டுனா இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

2.0 என்று பிரீமியம் கட்டி, 2.5 டர்போ ஓட்டி, விபத்தில் மாட்டினால் கம்பெனி முதலில் பார்ப்பது எஞ்சின் நம்பர். கோரிக்கையை மறுக்க அதைவிடச் சுலபமான காரணம் அவர்களுக்குக் கிடைக்காது. பதிவு மாறியதும் பாலிசியையும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றம் செய்த கார் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். விற்கும்போதும் இதே கதை. பெயர் மாற்றப் பரிசோதனையில் எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் கெரானோடு ஒப்பிடுவார்கள். சேரவில்லை என்றால் பெயர் மாறாது.

வேலை முடிஞ்சது. எப்படி டெஸ்ட் பண்றது?

முதல் வாரம் வீட்டைச் சுற்றி மட்டும். தினமும் காலையில் கார் நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள்: சிவப்பு எண்ணெய் கியர் பெட்டி, பச்சையோ நீலமோ ரேடியேட்டர். பெட்டி எண்ணெயை அந்தப் பெட்டிக்குரிய வகையில் மட்டுமே நிரப்புங்கள். டொயோட்டா பெட்டிக்கு பென்ஸ் எண்ணெய் வேண்டாம்.

பிறகு காராக் ஹைவேயில் கெந்திங் செம்பா வரை ஏறுங்கள், ஏர்கோன் போட்டு, நான்கு பேரோடு. ஏற்றத்தில் கியர் மேலும் கீழும் தடுமாறாமல் ஒன்றைப் பிடித்து நிற்கிறதா, சூடு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதைவிடக் கடினமான பரீட்சை நகருக்குள்: மதியம் ஜாலான் துன் ரசாக் ஜேம். மலையில் காற்றாவது அடிக்கும். நின்று நின்று நகரும் ஜேமில் சூடு ஏறாமல் ஏர்கோன் குளிர்ந்தால் ரேடியேட்டர் வேலை சரி.

யாரோ ஏற்கெனவே ஸ்வாப் பண்ண பென்ஸ் விலைக்கு வருது. வாங்கலாமா?

முதலில் கெரானை வாங்கி எஞ்சின் நம்பரை பிளாக்கில் பாருங்கள். சேரவில்லை என்றால் விலை பேசவே வேண்டாம். 'அப்புறம் மாத்திக்கலாம்' என்பவர் ஏன் இதுவரை மாற்றவில்லை என்று கேளுங்கள்.

சேர்ந்தால், காரைத் தூக்கி அடியில் பாருங்கள். மவுண்டிங் வெல்டிங் நேராக இருக்கிறதா, பீம் வெட்டப்பட்டதா, டர்போ குழாய்க்கும் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் விரல் போகுமா. பானட்டுக்குள் டேப் சுற்றிய வயர் மூட்டை தொங்கினால் ரீவயரிங் செலவை விலையில் கழியுங்கள். ஓட்டும்போது குளிர்ந்த எஞ்சினோடு ஒரு முறை, நன்றாகச் சூடான பிறகு ஒரு முறை ஓட்டுங்கள். களைத்த ஆட்டோ பெட்டி குளிரில் நன்றாக நடிக்கும், எண்ணெய் சூடாகி இளகிய பிறகு ரிவர்ஸில் போட்டால் ஒரு நொடி தாமதித்துத்தான் பிடிக்கும். கடைசியாக உரிமையாளரிடம் டிஃப் விகிதம் என்ன என்று கேளுங்கள். எண்ணைச் சொன்னால் வேலையை அருகில் நின்று பார்த்தவர். 'டிஃப் ஸ்டாண்டர்ட்தான்' என்று மட்டும் சொன்னால், எந்தக் காரின் ஸ்டாண்டர்ட் என்று அடியில் போய் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.